பொன்னுருக்கு நாளில் இருந்தவர்கள்

மவுண்ட் வெல்லிங்டன்,
ஆக்லாந்து.
9 ஜூன் 2025

கதிரண்ணைக்கு,

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, பலகாரம் சுட வந்த குஞ்சு மாமி, கண் தெரியாத ஆச்சி, கல்யாணி அக்கா, நான். மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்குக்குக் கூடியிருந்தவர்கள் பெரியப்பா, அவருடைய மூத்த பெடியன், ஐயர், ஆசாரியார் நல்லசாமி, மாப்பிள்ளையின் தாய், மாப்பிள்ளை ஏரம்பமூர்த்தி. சந்தியில் பஸ்ஸோடு நின்றவன் வெற்றிவேல். அதோடு பக்கத்து வளவுக்காரர் நீங்கள். வேறு ஒருவரும் இல்லை. நீங்கள் நீலக்கோடு போட்ட சேர்ட் உடுத்திருந்தீர்கள். கொலரில் ஒரு பொத்தான் இல்லை.

சுகம் விசாரித்து எழுதத் தொடங்குவதுதான் முறை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அது எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

போன சனிக்கிழமை உங்கள் "ஈரக்கூறை" நாடகத்தைப் பார்த்தேன். யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன், கனடா என்று ஐம்பது வருடம் ஓடி, அதைப் பார்த்து அழாத சனமே இல்லை என்று பேரெடுத்த நாடகம் இப்போது ஆக்லாந்துக்கும் வந்துவிட்டது. இங்குள்ள சங்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டது. கொட்டுகிற மழையிலும் கதிரை காணாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள்.

அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்கு அந்த நாளிலேயே தெரியும். அவளை நினைக்க ஊரில் ஒருவராவது இருக்கிறாரே என்று உங்கள் மேல் ஒரு பட்சம் வைத்திருந்தேன். பார்க்கத்தான் கிடைக்கவில்லை. ஊரில் போட்ட நேரமெல்லாம் இவர் விடவில்லை. "அழுகிறதுக்கு டிக்கெட் வேறயோ" என்பார். இந்த முறையும் முழங்கால் நோகிறது என்று வீட்டில் இருந்துவிட்டார். மகன் சஞ்சீவன்தான் என்னைக் காரில் கூட்டிப்போனான்.

போனதுக்குக் காரணம் என் பேத்தி நிருஜா. சஞ்சீவனின் மகள். இங்கே பிறந்தவள், யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். நாடகத்தில் தங்கச்சிப் பாத்திரம் தனக்கு என்றாள். தமிழ் வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினாள். ஈஸ்ட் டாமாக்கியில் ஆரோ ஒருவருடைய கோடவுனில் பழகினார்கள். அதனால் வீட்டில் ஒரு வசனமும் என் காதில் விழவில்லை. தங்கச்சி என்றால் நான்தானே என்று எனக்குள் ஒரு சந்தோசம். நானே அவளுக்குத் தாவணி கட்டிப் பின் குத்தி விட்டேன். பொன்னுருக்கு என்றால் என்ன என்று கேட்டாள். தாலிக்குரிய பொன்னை நல்ல நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் நெருப்பில் வைத்து உருக்குவது, உருக்கின பிறகு பெண் படலை தாண்டக்கூடாது, அந்தக் கலியாணம் நிற்கவும் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். "அப்ப அது லொக் மாதிரி" என்றாள். ஓம், பூட்டுத்தான் என்றேன்.

பிறகு திரை விலகியது. என் பேத்தி வேலியோடு ஒட்டி நின்று அக்காவும் அவளுடைய பொடியனும் கதைப்பதை ஒட்டுக் கேட்கிறாள். மாப்பிள்ளையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். பொன்னுருக்கு அன்று அக்கா ஓடப்போகிறாள் என்று தாயின் காதில் ஊதுகிறாள். பொடியனை அடித்துத் துரத்துகிறார்கள். அக்கா கூறைச்சேலையோடு கிணற்றுக்குள் போகிறாள். கடைசியில் அக்காவுக்குச் செய்த தாலியைத் தன் கழுத்தில் வைத்துக் கண்ணாடி பார்த்துச் சிரிக்கிறாள் தங்கச்சி.

சனம் சீ என்று சத்தம் போட்டது, அண்ணை. மண்டபம் முழுக்க. நான் நடுவில் இருந்தேன். பக்கத்தில் இருந்த இந்தியாக்காரப் பிள்ளை எனக்கு டிஷ்யூ எடுத்து நீட்டினாள். "அழாதீங்க பாட்டி. இப்படி ஒரு தங்கச்சி எதிரிக்குக்கூட அமையக்கூடாது" என்றாள். நான் வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

இனி நடந்ததை நான் சொல்கிறேன். அக்கா கூறை உடுக்கவேயில்லை, கலியாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் உடுத்திருந்தது பச்சைச் சீத்தைச் சட்டை. வெற்றிவேல் எங்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸில் கொண்டக்டர், எங்கள் ஆட்கள் இல்லை. அவர்கள் போகப்போவது எனக்குத் தெரியும். நானும் அக்காவும் ஒரு பாயில் படுக்கிறவர்கள், எனக்குத் தெரியாமல் எப்படி? ஆண்கள் எல்லாம் மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற நேரம் அவள் சந்திக்குப் போய் பஸ் ஏறுவது என்று ஒழுங்கு. அவளுடைய உடுப்பு மூட்டையைக் காலையில் மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குள் ஒளித்தது நான். ஒரு குஞ்சுக்கும் சொல்லவில்லை. ஆண்கள் நினைத்ததுக்கு முன்னமே, நேரத்தோடு திரும்பி வந்தார்கள். வெற்றிவேலைச் சந்தியில் வைத்து அடித்து ஒரு லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். அம்மா அக்காவை அறைக்குள் வைத்துப் பூட்டி ஏதோ கதைத்தா. மத்தியானம் பூட்டைத் திறந்தா. நான் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு போய் வாசலில் நின்றேன். அக்கா வாளியோடு என்னைத் தாண்டிப் போனாள். "அக்கா" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஒருமுறை கூப்பிட்டேன். பார்க்கவில்லை. துக்கத்தில் போகிறாள் என்று நினைத்தேன். அதுக்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

அம்மா என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உனக்குத் தெரியுமா என்று கூடக் கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் விளங்காத ஒன்று.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு பெரியப்பா வந்து, "உருக்கின பொன் சும்மா கிடக்குது, வீட்டில இன்னொரு பெட்டை நிக்கிறாள்" என்றார். எனக்குப் பதினேழு வயது. நான் சிரிக்கவில்லை, அண்ணை. கண்ணாடியும் பார்க்கவில்லை. அக்காவுக்கு உருக்கின பொன்னை அக்காவுக்காகச் சுமக்கிறேன் என்று நினைத்துத்தான் கழுத்தை நீட்டினேன். இதை எழுதும்போதும் அது என் கழுத்தில் கிடக்கிறது.

செப்டெம்பரில் நாடகத்தை மறுபடி போடப்போகிறார்கள். தங்கச்சி காட்டிக்கொடுக்கவில்லை, அது நான் கட்டிய கதை என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். தொடங்க முதல் மேடையில் வாசிக்கட்டும். போனில் கதைக்க மாட்டேன். உங்களுக்குக் காது கேட்பதில்லையாம். இங்கே எல்லாரும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள்.

சுகமாக இருக்கிறீர்களா? இருக்க வேண்டும். பதில் எழுதப் பெலன் வேண்டுமல்லவா?

ரதிதேவி ஏரம்பமூர்த்தி


கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
30 ஜூன் 2025

என் அன்புத் தங்கை ரதிதேவிக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் நெஞ்சு நிறைந்தது. பள்ளியை இடையில் நிறுத்தியவள் என்று நீயே சொல்லிக்கொள்கிறாய்; ஆனால் அந்த நீலக்கோட்டுச் சட்டையின் அறுந்த பொத்தானை நினைவில் வைத்திருக்கும் கண் எந்தப் பல்கலைக்கழகமும் தராதது. நான் எண்பதை எட்டிவிட்டேன். வலது காது முற்றாகப் போய்விட்டது, இடது காது விரும்பியதை மட்டும் கேட்கிறது. மனைவி போன பிறகு சமையல் என் கையில். கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த வருடம் கொப்பு முறியக் காய்த்தது. தின்னத்தான் வீட்டில் ஆளில்லை.

தங்கையே, உன் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் மேடையில் நிற்பவள் நீ அல்லள். அவளுக்கு உன் பெயர்கூட நான் வைக்கவில்லை. கல்யாணியின் சாவு எனக்குள் போட்ட விதைதான் "ஈரக்கூறை". விதை வேறு, மரம் வேறு. ஒரு துன்பியல் நாடகத்துக்குக் காட்டிக்கொடுக்கும் ஒரு முகம் வேண்டும். பெரியப்பா காட்டிக்கொடுத்தால் அது ஊர்ச் செய்தி. கூடப்பிறந்தவள் காட்டிக்கொடுத்தால்தான் அது நாடகம். சபை சீ என்று சொன்னது உன்னையல்ல, மனித மனத்தின் பொறாமையை. அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொள். உன் பேத்தி நன்றாக நடித்திருக்கிறாள் என்பதே அதன் பொருள்.

நாலு வரி எழுதி அனுப்பச் சொல்கிறாய். எந்த நாடகாசிரியன் தன் நாடகத்துக்கு முன்னால் நின்று "இது பொய்" என்று சொல்லுவான்? அது இப்போது என்னுடையதும் அல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.

இன்னுமொன்று. இதை உன் வீட்டுக்கு மறைத்து எழுதினேன் என்று நினைக்காதே. முதல் மேடையேற்றத்துக்கு முன் உன் கணவன் ஏரம்புவை அழைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவனுடைய குடும்பமும் சம்பந்தப்பட்டதல்லவா? ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்று சொன்னவன் அவன்தான்.

ஏரம்புவின் முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் நல்லது. அங்கே நொச்சி கிடைக்குமோ தெரியவில்லை. மருமகளுக்கும் சஞ்சீவனுக்கும் என் ஆசிகள்.

என்றும் அன்புள்ள,
கதிர்காமநாதன்


மவுண்ட் வெல்லிங்டன்,
ஆக்லாந்து.
19 ஜூலை 2025

கதிரண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சொற்கள் எல்லாம் நல்ல சொற்கள். கறிக்கு உப்பில்லை என்று சொன்னவளுக்கு வாழையிலையின் அழகைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் வாசித்துக் காட்டியதை எனக்கு இந்த மனுசன் சொன்னதில்லை. கடிதம் வந்த அன்றைக்குப் பின்னேரம் ஹீற்றருக்குக் கிட்ட இருந்து ரக்பி பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, கதிரண்ணை உங்களுக்கு அந்த நாடகத்தை முன்னமே வாசிச்சுக் காட்டினவராம்."

"ஆர்? ஓ. ஏதோ வாசிச்சவன்தான்."

"அதில நான் எப்பிடி எண்டு அப்பவே தெரியுமோ உங்களுக்கு?"

"நாடகம்தானே" என்றுவிட்டு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

ஐம்பது வருடமாக என்னைப் பார்க்க விடாததன் காரணம் அழுகையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஊரில் அந்த நாடகம் நடந்த காலத்தில் கோயிலடியில் பெண்டுகள் என்னைக் கண்டு கதையை நிறுத்துவார்கள். அக்காவின் துக்கத்தை எனக்கு ஞாபகப்படுத்தக் கூடாதென்று நிறுத்துகிறார்கள், நல்ல மனுசர் என்று நினைத்திருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். குஞ்சு மாமி சாகும்வரை என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை. சீனி வருத்தம் என்றா. சீனி போடாமல் கொடுத்தேன், அதையும் வாங்கவில்லை.

ஆனால் இந்தக் கடிதம் அதுக்காக இல்லை. நாடகம் பார்த்து வந்த நாள் முதல் ஒன்று எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. போன கிழமை மருமகளோடு ஷாப்பிங் சென்டருக்குப் போய், அவள் சாமான் வாங்கும்வரை அங்கே ஒரு வாங்கில் குந்தியிருந்தேன். போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது, அன்றைக்கு இருந்தவர்களையும் உங்கள் நாடகத்தில் இருக்கிறவர்களையும் ஆளுக்கு ஆள் பொருத்திப் பார்த்தேன்.

அம்மா இருக்கிறா. குஞ்சு மாமி பலகாரச் சட்டியோடு இருக்கிறா. கண் தெரியாத ஆச்சிக்குக்கூட ஒரு ஒப்பாரி வைத்திருக்கிறீர்கள். ஐயர் வந்து போகிறார். ஆசாரியாருக்கு ஊதுகுழலோடு ஒரு வசனம். பெரியப்பா மீசையை முறுக்குகிறார். மாப்பிள்ளை ஒரு பாவமும் அறியாதவராக நின்று அழுகிறார், அவருக்குத்தான் பெரிய கைதட்டல். எல்லாரும் இருக்கிறார்கள், அண்ணை. ஒரே ஒரு ஆளைத்தான் காணவில்லை. நீலக்கோட்டுச் சேர்ட்காரரை.

உங்களுக்கு அன்றைக்கு ஒரு வேலை இருந்தது. எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா? முதல் நாள் இரவு பாயில் கிடந்து அக்கா என் காதுக்குள் சொன்னாள்: "பயப்பிடாதை. கதிரண்ணை மாப்பிள்ளை வீட்டில எல்லாரையும் பிடிச்சு வைச்சிருப்பார். அவர் கதை சொல்லத் தொடங்கினால் ஒரு மனுசரும் எழும்பாது." உண்மைதான். உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு சனம் சோறு தண்ணி மறந்து இருக்கும். அப்படிப்பட்ட உங்களை வைத்துக்கொண்டு அன்றைக்கு மட்டும் எப்படி ஆண்கள் நேரத்தோடு எழும்பி வந்தார்கள்? ஆர் எழுப்பினது?

ஒழுங்கு தெரிந்தவர்கள் நாலு பேர். அக்கா சொல்லியிருக்க மாட்டாள். வெற்றிவேல் சொல்லியிருந்தால் அவனுடைய பல்லு மிஞ்சியிருக்கும். நான் சொல்லவில்லை. இனி எழுதுங்கள். விதை மரம் என்று எழுத வேண்டாம். ஆருக்குச் சொன்னீர்கள், ஏன் சொன்னீர்கள், இரண்டும் போதும்.

இங்கே குளிர். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிகிறது. நொச்சி கிடைக்காது. அவருடைய முழங்காலைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ரதிதேவி ஏரம்பமூர்த்தி


கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
11 ஆகஸ்ட் 2025

ரதிதேவிக்கு,

நீ கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன்.

ஏரம்புவுக்குச் சொன்னேன். வேறொருவருக்கும் சொல்லவில்லை. அவன் என்னோடு ஒரே வாங்கில் படித்தவன். அவன் பெண் எடுக்கப்போகும் நாளில் அவன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவனை முட்டாளாக்கிக் கதை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொன்னை நெருப்பில் வைக்கும் முன் அவனாகவே விலகிவிட்டால் யாருக்கும் அவமானமில்லை என்று நம்பினேன். மாமரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றான். "சரி, நான் பாக்கிறன்" என்றான். உள்ளே போனான். பலகையில் இருந்தான். ஆசாரியார் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் "உருக்குங்கோ" என்றான்.

பொன் உருகி முடிந்து, எல்லாரும் தொட்டு வணங்கிய பிறகுதான் உன் பெரியப்பாவின் காதுக்குக் குனிந்தான்.

இதைப் படிக்கும்போது நீ என்னைத் திட்டுவாய். திட்டு. ஆனால் தங்கச்சிதான் காட்டிக்கொடுத்தாள் என்பதை நான் கட்டவில்லை. அது எனக்குச் சொல்லப்பட்டது. சொன்னவள் கல்யாணி.

நான் சைக்கிளில் பின்னால் வந்து சேர்ந்தபோது மத்தியானம். வேலியால் பார்த்தேன், அவள் கிணற்றடியில் வாளியோடு நின்றாள். என்னைக் கண்டதும் கிட்ட வந்தாள். "தங்கச்சிதான் சொன்னவளாம். அம்மா சொல்லிப்போட்டா. நீங்கள் ஒண்டும் நினைக்காதேங்கோ கதிரண்ணை, உங்களால ஏலுமானதைச் செய்தனீங்கள்" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள், ரதி. சொல்லிக்கொடுத்தது மாப்பிள்ளை என்று தெரிந்தால் அவள் அவனைக் கட்டமாட்டாள். அதனால்தான் உன் அம்மா உன் பெயரைச் சொல்லியிருக்கிறா. எனக்கு அது அந்த நேரமே விளங்கியது. வாய் திறக்க முடியவில்லை. நான் வீட்டுக்குள் போய்விட்டேன். பிறகு குஞ்சு மாமியின் சத்தம் கேட்டது.

நான் எழுதியது அவளுடைய கடைசிச் சொல்லை. அந்த அளவில் அது பொய்யல்ல.

மேடையில் வாசிக்க நான் ஒன்றும் அனுப்பமாட்டேன். இந்த வயதில் என் பெயரில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு நாடகம்தான். உனக்குத் தெரிந்துவிட்டது, அது போதாதா?

கதிர்காமநாதன்


மவுண்ட் வெல்லிங்டன்,
ஆக்லாந்து.
7 செப்டெம்பர் 2025

கதிரண்ணைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நின்றபடியே வாசித்தேன். பிறகு மிச்ச வெங்காயத்தையும் உரித்து, கறியையும் கூட்டி வைத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். கையில் கரண்டி இருந்தது. நிருஜாவும் மேசையில் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"பொன்னுருக்கு அண்டைக்கு ஆசாரியாருக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று இவரைக் கேட்டேன்.

என்னைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். மறந்துவிட்டது என்று சொல்லுவார் என்று நினைத்தேன். எண்பது வயது, சொல்லியிருக்கலாம்.

"உருக்கச் சொன்னன்" என்றார்.

"தெரிஞ்சு கொண்டோ?"

"தெரிஞ்சு கொண்டுதான். ஒரு கொண்டக்டருக்கு விட்டுக்குடுத்தால் என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? உருக்கினால் எல்லாம் சரிவரும் எண்டு நினைச்சன்."

"அவள் செத்தாளே."

"அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்? உன்னைக் கட்டி வைச்சுப் பாத்தனான்தானே. தேத்தண்ணி போட்டனியே?"

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி போட்டேன்.

நிருஜாவுக்கு நாங்கள் கதைத்தது பாதிதான் விளங்கியிருக்கும். ஆனால் பிள்ளை மடைச்சி இல்லை. பின்னேரம் என் அறைக்கு நூடுல்ஸ் கோப்பையோடு வந்து கட்டிலில் ஏறி இருந்தாள். தான் நடிக்கிற தங்கச்சி நான்தானா என்று இங்கிலீஷில் கேட்டாள். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் கோப்பையைக் கிளறினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்: "அப்பம்மா, நீங்கள் அதைச் செய்தீங்களா?"

"இல்லைப் பிள்ளை."

"ஓகே" என்றாள். சாப்பிடத் தொடங்கினாள். அவ்வளவுதான், அண்ணை. அதுக்கு மேல் ஒரு சாட்சியும் கேட்கவில்லை.

தான் இனி நடிக்க மாட்டேன் என்றாள். நடி என்றேன். வருகிற சனிக்கிழமை இரண்டாம் முறை போடுகிறார்கள், ஆள் மாற்ற நேரமில்லை, கூட நடிக்கிற பிள்ளைகள் பாவம். ஆனால் ஒன்று சொல்லிக் கொடுத்தேன். நீ தங்கச்சியாக நடிக்கிறாய் என்று நினையாதே, கதிர்காமநாதன் என்ற ஒருவராக நடிக்கிறாய் என்று நினைத்துக்கொள் என்றேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற பார்வை, சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போகிற நடை, எல்லாம் எனக்குத் தெரியும், செய்து காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இனி உங்கள் நாடகத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். சனம் சீ என்று சொல்லும்போது இந்த முறை நானும் சேர்ந்து சொல்லலாம் என்றிருக்கிறேன்.

தாலிக்கொடியைக் கழற்றிவிட்டேன். குளிக்கப் போகும்போது கழற்றியது, வந்து திரும்பப் போட மனம் வரவில்லை. மருமகள் கண்டு பதறிப்போனாள். "மாமா இருக்கேக்க என்ன மாமி இது" என்றாள். இது மாமாவுக்காகப் போட்டது இல்லைப் பிள்ளை என்றேன். இவர் கவனிக்கவேயில்லை. கழுத்து இலேசாக இருக்கிறது. கை மட்டும் அடிக்கடி அங்கே போய் ஒன்றும் இல்லாமல் திரும்பி வருகிறது.

அன்றைக்கு இருந்தவர்களின் பேரை உங்களுக்கு முதற் கடிதத்தில் எழுதினேன். அவர்கள் எல்லாரையும் இரவில் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பெரியப்பாவை நான் மனுசராகவே எண்ணியதில்லை. அம்மா என் பேரை விற்றுத்தான் கலியாணத்தைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறா. சாகக் கிடக்கும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தா, வரவில்லை. அது என்னவென்று இப்போது தெரிந்துவிட்டது, விட்டுவிட்டேன். இவரிடம் நான் ஒன்றையும் நம்பிக் கொடுத்ததில்லை. கொடுக்காததை எப்படித் திருப்பிக் கேட்பது? சமைத்துப் போட்டேன், இனியும் போடுவேன். நீங்கள் பயந்தவர். அவளிடம் "தங்கச்சி இல்லை, நான்தான்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் நூறு பக்கம் எழுதினீர்கள். கோபம் ஆறாது. ஆனால் பயந்தவர்களோடு கோபித்து இந்த வயதில் எனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

ஆனால் ஒரு பாயில் படுத்தவள் இருக்கிறாளே. என் தலையில் பேன் பார்த்தவள். அவளுடைய மூட்டையை வைக்கோலுக்குள் ஒளித்துவிட்டு வந்த கையில் தூசி போகமுதல், என்னைத் தாண்டி வாளியோடு போனாள். நான் இரண்டு தரம் கூப்பிட்டேன். நின்று, நீயா சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். கன்னத்தில் ஒன்று அறைந்து கேட்டிருந்தால்கூட இல்லை அக்கா என்று சொல்லியிருப்பேன். தமிழ் சரியாகத் தெரியாத என் பேத்திக்கு கையில் கோப்பை இருக்கும்போதே கேட்கத் தெரிந்தது. கூடப்பிறந்தவளுக்குத் தெரியவில்லை. அம்மா சொன்னதை நம்பினாள். உங்களுக்கு ஆறுதல் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்க நேரம் இருக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்காக அழுத அழுகை எல்லாம் இனி ஆரிடம் போய்க் கேட்க?

செத்தவர்களைப் பொறுக்க வேண்டும் என்று ஐயர் சொல்லுவார். பொறுக்க மாட்டேன். எத்தனை பேர் செய்திருந்தாலும், நான் ஒருநாளும் மன்னிக்கப்போவதில்லை என்று பேர் சொல்லிச் சொல்கிற ஆள் ஒன்றுதான். கல்யாணி.

பதில் எழுத வேண்டாம்.

கல்யாணியின் தங்கச்சி,
ரதிதேவி